நாலு விலாசத்துக்கு ஒரு நாவல்

புத்தகத்தை இரவல் கொடுப்பதே வயிற்றெரிச்சல் பிடித்த வேலை. அதைத் தபாலில் இரவல் கொடுப்பதென்றால் வயிற்றெரிச்சலுக்கு ஸ்டாம்பு வேறு ஒட்ட வேண்டும். இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் அந்த வேலையை நானாகத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டேன். திருக்கோகர்ணத்தில் ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார் உத்தியோகம் எனக்கு. பிள்ளைகளை மேய்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் நாவலை மேய்த்தேன். கொடுத்த புத்தகத்தைத் திரும்ப வாங்க நடையாய் நடந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

அப்போது காகிதத் தட்டுப்பாடு. புது நாவல் வருவதே அபூர்வம். வந்தாலும் தனி ஆளாக வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினோம். நான் படித்துவிட்டுக் கீரனூர்ப் பக்கம் கருப்பையாவுக்கு அனுப்புவேன். அவர் கந்தர்வக்கோட்டை சவரிமுத்துவுக்கு அனுப்புவார். அங்கிருந்து மீமிசல், மீமிசலிலிருந்து திரும்பவும் என்னிடம். ஆளுக்கு ஒரு வாரம். புக் போஸ்ட் என்பதால் கட்டின் இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும், உள்ளே கடுதாசி எதுவும் வைக்கக் கூடாது. சொல்ல வேண்டியது இருந்தால் தனியாகக் கார்டு போட வேண்டும். கந்தர்வக்கோட்டையும் மீமிசலும் அந்த நாளில் தஞ்சாவூர் ஜில்லா, நானும் கருப்பையாவும் ராஜா ஆண்ட சமஸ்தானத்துக்காரர்கள். கதைக்கு அந்த எல்லையெல்லாம் கிடையாது.

களத்தில் ஒரு வாரம்

கருப்பையா விவசாயி. கண்மாயை நம்பிக் கொஞ்சம் வயல், வானத்தை நம்பிக் கொஞ்சம் புஞ்சை. படிப்பென்று பார்த்தால் அதிகமில்லை, ஆனால் கதை என்றால் உயிர். அவரிடம் போன புத்தகம் ஒரு வாரத்தில் நகர்ந்ததாகச் சரித்திரமே இல்லை. நகர்ந்தாலும் பக்கத்துக்குப் பக்கம் வைக்கோல் தூசி இருக்கும். பக்கத்தின் மூலையை மடக்கினாலே எனக்குத் தலைக்கு ஏறிவிடும். தூசியைப் பார்த்தால் கேட்க வேண்டுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று புறப்பட்டுப் போனேன்.

மனுஷர் களத்தில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அத்தியாயம் முடிகிற வரை பேசாமல் நில் என்று ஒரு பெண் எனக்குச் சைகை காட்டினாள். நானும் நின்றேன். நான் ஏற்கெனவே படித்த அத்தியாயம்தான், ஆனாலும் அவர் படித்ததைக் கேட்கையில் புதிதாக இருந்தது. முடிந்த பிறகு, ஒரு வாரக் கெடுவை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். அவர் புத்தகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "எனக்கு ஒரு வாரம்னா சரிதாங்கய்யா. இவுகளுக்கும் ஆளுக்கு ஒரு வாரம் போட்டுக் குடுத்துருங்க."

டிஞ்சர் வாசனை

சவரிமுத்து கந்தர்வக்கோட்டையில் கம்பவுண்டர். புத்தகம் அவர் கைக்குப் போய்வந்தால் டிஞ்சர் வாசனை அடிக்கும். அது ஒன்றுதான் குறை. கருப்பையாவின் தூசியைத் தட்டி, கிழிசலுக்கு மெல்லிய காகிதம் ஒட்டி, தளர்ந்த முதுகைப் பசை போட்டு நிமிர்த்தித்தான் அடுத்த விலாசத்துக்கு அனுப்புவார். நாலு பேரில் எனக்கு மனசுக்குப் பிடித்த வாசகர் அவர்தான் என்று வெளிப்படையாகவே சொல்லுவேன்.

ஒருமுறை கேட்டேன், இவ்வளவு சிரமம் எதற்கு, பைண்டரிடம் கொடுத்தால் ஆகாதா என்று. அவர் மருந்து கலக்குவதை நிறுத்தவில்லை. "கிழிஞ்சதை அப்படியே அடுத்த ஆளுக்கு அனுப்புறது, கட்டுப் போடாமக் காயத்தோட வீட்டுக்கு அனுப்புற மாதிரி வாத்தியாரே."

மீமிசல் விலாசம்

நாலாவது விலாசம் நாகலிங்கத்தினுடையது. மீமிசல்காரர், ரங்கூனில் ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்திருந்தபோது எங்களோடு சேர்ந்துகொண்டார். திரும்பிப் போகும்போது, "என் பங்கை நிறுத்திடாதீங்க, வீட்டுல படிப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினார். வீட்டில் என்றால் அவர் மனைவி அமிர்தம். விலாசத்தில் அவர் பெயர் இருந்தாலும் படித்தது அந்த அம்மாள்தான். படித்தது பற்றிக் கார்டும் போடுவாள்.

பிறகு ரங்கூனில் குண்டு விழுந்தது. கொஞ்ச நாளில் பர்மாவே கைமாறிப்போய், அங்கிருந்து தபால் நின்றுவிட்டது. அமிர்தம் இருந்த தெருவில் பர்மாவுக்கு ஆள் போகாத வீடு குறைவு. தபால்காரர் இப்ராகிம் தெருமுனையில் திரும்பினாலே பெண்கள் வாசலுக்கு வந்து நின்றுவிடுவார்களாம். யாருக்கும் கை நீட்டத் துணிவிருக்காது. தப்பி வந்தவர்கள் யாராவது போட்டு, மூலையில் கறுப்புத் தடவிய சாவுக் கார்டு யார் வீட்டுக்கு வந்திருக்கிறதோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம். அதனால் எங்கள் கட்டு வருகிற நாளில் இப்ராகிம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தெருமுனையிலேயே அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு வருவார். மற்ற தபாலையெல்லாம் கொடுத்து முடித்துவிட்டுக் கடைசியில் அமிர்தம் வீட்டுக்கு வருவார். அவள் உரக்கப் படிப்பாள். தெருவே வந்து கேட்கும். தூரத்திலிருந்தே இப்ராகிம் கொடுக்கிற குரலை அமிர்தம் அப்படியே கார்டில் எழுதியிருந்தாள்: "பயப்படாதீங்கம்மா, கதைதான்! கதைதான் வந்திருக்கு!"

கடைசி அத்தியாயம்

அந்த வருஷம் சுற்றுக்கு விட்ட நாவலின் பெயர் வேண்டாம். எனக்கு அதன் முடிவு பிடிக்கவில்லை. கதாநாயகன் பெண்டாட்டியை ஊரில் விட்டுவிட்டுக் கப்பலேறுகிறான். கடைசி அத்தியாயத்தில் கப்பல் முழுகிவிடுகிறது, அவளுக்குச் சேதி வருகிறது. வலிய அழ வைக்கிற எழுத்து என்று நினைத்துக்கொண்டே கருப்பையாவுக்கு அனுப்பினேன். அது ஊர் சுற்றி மீமிசலுக்குப் போனதும் அமிர்தத்திடமிருந்து கார்டு வந்தது. புத்தகத்தில் கடைசி அத்தியாயத்தைக் காணோம்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல? சவரிமுத்து புத்தகத்துக்கு வைத்தியம் பார்க்கிறவர், அவர்மேல் சந்தேகமே வரவில்லை. கருப்பையாவுக்குச் சூடாக ஒரு கார்டு போட்டேன். பதில் எழுதாமல் ஆளே வந்துவிட்டார். வெயிலில் வந்தவர் மோர்கூட வாங்கிக் குடிக்கவில்லை, வாசலில் நின்றபடியே பேசினார். "அதை வாசிச்ச அன்னைக்கு எங்க வீட்டுல அடுப்பே பத்த வைக்கலங்கய்யா. நானா அதைக் கிழிப்பேன்?"

மருந்து அலமாரி

அப்புறம் மிச்சம் கந்தர்வக்கோட்டைதானே. என்னைப் பார்த்ததும் சவரிமுத்து எழுந்தார். மருந்து அலமாரியைத் திறந்து, புட்டிகளுக்குப் பின்னாலிருந்து அந்த அத்தியாயத்தை எடுத்து மேஜையில் வைத்தார். கிழிசல் இல்லை, பிசிர் இல்லை, கத்தி போட்டு எடுத்திருந்தார். புத்தகத்தைப் பார்த்தால் அங்கே பக்கம் இருந்ததே தெரியாது என்று நம்பியிருக்கிறார்.

உள்ளே அவருடைய தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெகு என்கிற ஊரில் வேலை பார்த்தவன். பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்து சேர்ந்தவர்களில் ஒருவன். அவன் வந்தது தெரிந்து, தங்கள் வீட்டு ஆளைப் பார்த்தானா என்று கேட்கக் கடற்கரை ஊர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்துபோனார்கள். எல்லோருக்கும் அவன் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டுவானாம். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறான், வழியில் என்ன பார்த்தான் என்று அண்ணனிடம்கூட வாய் திறக்கவில்லை. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சவரிமுத்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தண்ணிக்கு அங்கிட்டு புருசனை விட்டுட்டு இங்கிட்டு உக்காந்திருக்கிற பொண்ணுக்கு, கப்பல் முங்குற கதையை நானா தபால்ல போடணும்?"

ரெண்டு பேர்

சவரிமுத்து கேட்டதை நினைத்துக்கொண்டே ஊர் திரும்பினேன். அவர் செய்தது தப்பு என்றும் தோன்றியது, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்றும் தோன்றியது. அனுப்பலாமா வேண்டாமா என்று நாங்கள் கார்டு எழுதி அடித்துக்கொண்டிருக்கும்போதே அமிர்தத்தின் அடுத்த கார்டு வந்தது. அதில் கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஐயா, மறைக்க வேண்டாம். கந்தர்வக்கோட்டைக்கு வந்த சேதி என்ன?" என்று மட்டும் இருந்தது.

 கட்டு அவளுக்குப் போனது கந்தர்வக்கோட்டையிலிருந்து, பர்மாவிலிருந்து ஆள் வந்திருப்பதும் அதே வீட்டில். இரண்டையும் சேர்த்து, நாகலிங்கத்தைப் பற்றிச் சாவுச் சேதி வந்துவிட்டது, சொல்ல மனமில்லாமல் மறைக்கிறார்கள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். கார்டு போட்டால் நம்ப மாட்டாள். சவரிமுத்துவைக் கூட்டிக்கொண்டு அறந்தாங்கி போய் அங்கே பஸ் மாறினேன். பெட்ரோலுக்கு ரேஷன் வந்த பிறகு கரியை எரித்து ஓடிய கரி பஸ் அது. மேடு வந்த இடத்திலெல்லாம் இறங்கித் தள்ளினோம். அத்தியாயம் சவரிமுத்துவின் சட்டைக்குள் இருந்தது.

மீமிசலில் இறங்கியதும் எதிரே இப்ராகிம். நாங்கள் யாரென்று சொன்னதும் பையை இறக்கி வைத்துவிட்டார். "நாந்தான்யா வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கல. கிழிஞ்சிருக்குன்னு அந்தம்மா சொன்னாக. இல்லம்மா, யாரோ வெட்டி எடுத்திருக்காகன்னு காட்டிப்புட்டேன். இப்பக் கட்டைத் தூக்கிக் காட்டுனாலும் ஒருத்தரும் என்னைய நம்ப மாட்டேங்கிறாக."

இவருக்கு

அமிர்தம் வாசலில் நின்றாள். நெற்றியில் குங்குமம் இருந்தது. சாப்பிட்டு நாளாயிற்று என்று முகம் சொன்னது. பின்னால் மாமியார் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களை வாங்க என்று அமிர்தம் சொல்லவில்லை. "ரெண்டு பேரா வந்திருக்கீங்களே. அப்ப நிசந்தானா?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாவுக் கேதம் சொல்ல ரெண்டு பேராய் வருவது போலவே வந்து நிற்கிறோம். பயத்தைப் போக்க வந்தவர்கள் அதை ஒரு படி கூட்டிவிட்டோமே என்று என்னை நானே நொந்துகொண்டேன்.

சவரிமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். "மாதா மேல சத்தியமாச் சொல்றேன்மா. என் தம்பி இருந்தது பெகுவுல. ஒங்க வீட்டுக்காரரை அவன் பாத்ததே இல்ல. எங்களுக்கு ஒரு சேதியும் வரல."

"அப்ப எதுக்கு வெட்டுனீங்க?"

அவர் சட்டைக்குள்ளிருந்து பக்கங்களை எடுத்து நீட்டினார். "நீங்களே படிச்சுப் பாருங்கம்மா. எதுக்குன்னு தெரியும்."

அமிர்தம் வாசற்படியில் உட்கார்ந்தாள். மற்ற அத்தியாயங்களை எப்படிப் படித்தாளோ அப்படியே இதையும் உரக்கப் படித்தாள். குரல் கேட்டதும் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். இப்ராகிம் வேலியோரம் நின்றார். கப்பல் முழுகுகிற இடம் வரை அவள் குரல் பிசகவில்லை. கதையில் வருகிற பெண்ணுக்குச் சேதி வந்த இடத்தில் நின்றுவிட்டது. முதலில் மாமியார்தான் மார்பில் கை வைத்து வாய்விட்டு அழுதாள். மருமகள் கண் கலங்கினாலே, உசிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஏன் கண்ணைக் கசக்குகிறாய் என்று அதட்டுகிறவளாம் அவள். பிறகு அமிர்தம், பிறகு தெருவே. ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு மட்டமாகப் பட்ட முடிவு அது. நானும் அங்கே நின்று அழுதேன்.

சவரிமுத்து பதறிப்போனார். இதற்குத்தானே பயந்தேன் என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு, தண்ணீர் கொடுங்கள், போதும், நிறுத்துங்கள் என்று அங்கும் இங்கும் ஓடினார். அமிர்தம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மடியிலிருந்த பக்கங்களைக் கையில் எடுத்துக் காட்டினாள். "விடுங்கய்யா. எங்க வீட்டு ஆளுகளுக்கு அழுதாத்தான் ஆகாது. இவருக்கு அழுகலாம்ல?"

சண்டை முடிந்த பிறகு அந்தத் தெருவுக்குச் சிலர் திரும்பி வந்தார்கள். நாகலிங்கம் வரவில்லை. அவரைப் பற்றிக் கறுப்புத் தடவிய கார்டும் வரவில்லை. அமிர்தம் குங்குமத்தை அழிக்கவில்லை, நாங்களும் விலாசத்தில் அவர் பெயரை மாற்றவில்லை. மற்ற நாவல்களெல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்தன. அந்த ஒன்றை மட்டும் அவள் அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை.

புத்தகம் இரவல் கொடுக்கிறவர்களே, இன்னார் மனசு இன்ன அத்தியாயத்தைத் தாங்காது என்று நாமே தீர்மானம் செய்தால், விட்டுப்போன பக்கத்தைக் கரி பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு நாமேதான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிவரும்.