பதினாறு என்று எழுதிய பிள்ளைகள்

ராகலைக்கு மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்னப் பாடசாலையில் போன வருடம் நடந்தது இது. கல்வியியல் கல்லூரியில் படிப்பை முடித்து, ஒரு வருடக் கற்பித்தல் பயிற்சிக்காக என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள். "தரம் நாலுக்கு கணிதம் நீங்க எடுங்க டீச்சர்" என்று அதிபர் நேரசூசியைக் கையில் கொடுத்தபோதே வாரத்துக்கு எத்தனை பாடவேளை என்றுதான் முதலில் எண்ணிப் பார்த்தேன். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தைக் கோட்டை விட்டு, இரண்டாவது தடவை தட்டுத் தடுமாறிச் சித்தியடைந்தவள் நான். அதைப் பற்றி அங்கே ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

கல்லூரி விரிவுரையாளர் வந்து வகுப்பின் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து, நாங்கள் படிப்பிப்பதைப் பார்த்துப் புள்ளி போடுவார். முதல் தடவை அவர் வந்தபோது கை வியர்த்து வெண்கட்டி வழுக்கியது. நாற்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழித்து முப்பத்தைந்து என்று கரும்பலகையில் எழுதிவிட்டேன். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. அப்படியே கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டார்கள். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"இது போதாதும்மா. திரும்ப வருவேன். எப்பன்னு சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த மேடம்.

இரண்டாவது தடவையும் சரிவராவிட்டால் பயிற்சி வருடத்தைத் திரும்பச் செய்ய வேண்டும். கூடப் படித்தவர்கள் நியமனம் வாங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டிலோ, மகள் டீச்சராகப் போகிறாள் என்று அம்மா எங்கள் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு என் கண் பாதையிலேயே இருந்தது. வகுப்பு ஜன்னலில் நின்றால் அதன் இரண்டு வளைவுகள் தெரியும். ஏதாவது வாகனம் ஏறும் சத்தம் கேட்டால் போதும், பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன். மரக்கறி லொறிக்குக்கூடப் பயந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பாடக்குறிப்பைத் திருப்பித் திருப்பி எழுதினேன். அதோடு நிற்காமல் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டேன். "மேடம் வர்ற அன்னைக்கு யாரும் பிழையா சொல்லக்கூடாது. தெரியாதவங்க கையே தூக்காதீங்க" என்று தினமும் மிரட்டினேன். மிரட்டுகிறேன் என்றுகூட அப்போது எனக்குத் தெரியவில்லை, ஒழுங்காகத் தயார்படுத்துகிறேன் என்றுதான் நினைத்தேன்.

அந்த நாள் பனி இறங்கி, ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக இருந்தது. பாதை தெரியவில்லை. சத்தமும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால், ஈரக் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு மேடம் பின்வாங்கில் உட்காருகிறார்.

கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். ஓர் அம்மா காலையில் தராசில் போடும் நிறுவைக்கு ஏழு கிலோ தேயிலைக் கொழுந்து கொண்டுவந்தார், பகலுக்கு ஒன்பது கிலோ, மாலைக்கு ஆறு கிலோ. மொத்தம் எத்தனை கிலோ? பிள்ளைகளுக்குப் பழக்கமான விஷயமாக இருக்கட்டும் என்று நானே யோசித்து எழுதிய கணக்கு. விடை இருபத்திரண்டு என்று நான்கு தடவை கூட்டிப் பார்த்துத்தான் வந்திருந்தேன்.

முன்வாங்குப் பிள்ளையின் கொப்பியை எட்டிப் பார்த்தேன். பதினாறு. "பிழை" என்றேன், சற்று உரக்கவே. பக்கத்துக் கொப்பியிலும் பதினாறு. அடுத்ததிலும் அதேதான். பதினெட்டுப் பிள்ளைகளில் பதினொரு பேர் பதினாறு என்று எழுதியிருந்தார்கள். அதற்குள் என் குரலைக் கேட்டு எல்லாரும் அவசரமாக அழிக்கத் தொடங்கினார்கள். அந்த முன்வாங்குப் பிள்ளை விரலை எச்சிலில் நனைத்துத் தேய்த்துத் தேய்த்து, தாளில் ஓட்டையே விழுந்துவிட்டது. பின்னால் மேடத்தின் பேனா எழுதிக்கொண்டிருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் பிழை விடுவதில் எனக்கு அனுபவம் உண்டு. என் பிழைகள் என்றைக்கும் தனியாகத்தான் நின்றிருக்கின்றன. பதினொரு பேர் ஒரே மாதிரி எப்படிப் பிழை விடுவார்கள்? அந்தப் பிள்ளையின் பக்கத்தில் குனிந்தேன்.

"எப்படிம்மா பதினாறு வந்துச்சு?"

அவள் இடது கையால் விடையை மூடிக்கொண்டாள்.

"ஏச மாட்டேன், சொல்லு."

"ஒவ்வொரு நெறுவைக்கும் ரெண்டு கிலோ வெட்டுவாங்க தானே டீச்சர். சாக்குக்கும் தண்ணிக்கும்னு."

எனக்கு முகம் எரிந்தது. என் அம்மாவும் கொழுந்து பறிக்கிறவர்தான். டிக்கோயாவில் எங்கள் வீட்டு அடுப்படியில் தினமும் மாலையில் கேட்ட பேச்சு இது. இன்றைக்கும் வெட்டிவிட்டார்கள் என்று அம்மா சொல்லாத நாள் இல்லை. அவர் சோற்றில் வளர்ந்த நான், பயத்தில் அதைக்கூட மறந்துபோய், சரியாகக் கணக்குப் போட்ட பிள்ளையைப் பிழை என்றிருக்கிறேன்.

"பிழை விட்டது நான்தான்" என்று வகுப்புக்குச் சொன்னேன். "பறிச்சது எவ்வளவு, பேருக்கு எழுதுறது எவ்வளவு, ரெண்டையும் போடுவோம்." பாடக்குறிப்பை மூடி வைத்தேன். கைகள் உயர்ந்தன. "எங்க மலையில மூணு கிலோ வெட்டுறாங்க டீச்சர்" என்று ஒருவன் சண்டைக்கே வந்துவிட்டான். சரி, அதையும் போடு என்றேன்.

போகும்போது மேடம், "இனிமே கேள்வியைச் சரியா கேளுங்க" என்று மட்டும் சொன்னார். புள்ளித்தாளில் சித்தி என்று இருந்தது. மறுநாள் பிள்ளைகளிடம் நான் கணிதத்தில் தோற்ற கதையைச் சொன்னேன். "அப்புறம் எப்படி டீச்சரானீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். திரும்ப எழுதினேன் என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

முன்வாங்குப் பிள்ளை மட்டும், நான் பக்கத்தில் போனால் இடது கையால் விடையை மூடிக்கொள்வாள். பயிற்சி முடிந்து நான் கிளம்பும் வரை அந்தக் கையை அவள் முழுதாக எடுக்கவில்லை. பாதிதான் நகர்த்தினாள். இனி எனக்கு நியமனம் வரும், வேறு பாடசாலை, வேறு பிள்ளைகள் வருவார்கள். பரீட்சையில் தோற்றதெல்லாம் எனக்கு இப்போது பழைய கதை, ஆனால் என் பயத்தை வாங்கிக்கொண்டு கொப்பியை மூடிய அந்தச் சின்னக் கையை நினைத்தால் இன்றும் எனக்குப் பயமாக இருக்கிறது.