ஜெபத்துல வெச்சிருக்கேன்

எங்கள் சபைக்காரர்களிடம் ஒரு வாக்கியம் இருக்கிறது. யாராவது கஷ்டத்தைச் சொல்லி முடித்ததும், "ஜெபத்துல வெச்சிருக்கேன்" என்போம். கேட்டவர் முகம் கொஞ்சம் தெளியும். நமக்கும் ஏதோ உதவி செய்துவிட்ட திருப்தி வரும். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடலாம்.

திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்குப் பேக்கிங் வேலை. பாகூரில் கம்பெனி பஸ் ஏறினால், சோரியாங்குப்பத்திலிருந்து வரும் ஒருத்தி சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். என்னைவிடக் கொஞ்சம் சின்னவள், இந்துக் குடும்பம். பக்கத்தில் ஆள் கிடைத்தால் நான் விடுவேனா? வில்லியனூர் வருவதற்குள் பாதிப் பிரசங்கம் முடிந்திருக்கும். "பஸ்ஸில் ஒரு ஆத்துமாவைச் சந்தித்துக்கொண்டு வருகிறேன்" என்று சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள்.

அந்த வாய்க்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். காலையில் போனில் யாரோ ஒரு போதகர் பேசிக்கொண்டிருப்பார், நான் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருப்பேன். மிக்ஸி போட்டால் அவர் குரல் கேட்காது. அதற்காக எதையும் நிறுத்த மாட்டேன். அன்றன்றைய வசனம் போனுக்கு வரும், படிக்காமலே ஸ்டேட்டஸில் வைப்பேன். தனியாக முழங்கால் போட்டு ஜெபித்தது எப்போது என்று கேட்டால் பதில் கிடையாது. முழங்கால் வலி என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். ஜவுளிக்கடை மாடிப்படி ஏறும்போது மட்டும் அது வலிக்காது.

அவளுடைய மகள் முழுகாமல் இருக்கிறாள். முதல் பிள்ளை வயிற்றிலேயே தவறிவிட்டது. இந்தத் தடவையும் டாக்டர் படுக்கையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். சில மாதங்களுக்கு முன்னால் மகள் நிலைமையை அவள் பஸ்ஸில் சொல்லி அழுதபோது, கையைப் பிடித்துக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொன்னேன். பிறகு கேட்கும்போதெல்லாம் அதையே சொன்னேன்.

போன வாரம் ஏரிக்கரை தாண்டியதும் கேட்டாள்.

"யக்கா, சாமிகிட்ட எம்பொண்ணு பேர இன்னான்னு சொன்னீங்க? வூட்ல கூப்புடற பேரா, ஸ்கூல்ல போட்ட பேரா?"

எனக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்தால் பேர், நட்சத்திரம் எல்லாம் சொல்ல வேண்டும். பேர் மாறினால் வேண்டுதல் வேறு யாருக்கோ போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். "உங்ககிட்ட ஒரு பேரும் சொல்லலியேன்னு நேத்துதான் நெனப்பு வந்துச்சி."

என் வாய் சும்மா இருக்குமா? "கர்த்தருக்கு எல்லார் பேரும் தெரியும்மா" என்றேன்.

"சாமிக்குத் தெரியும்க்கா. நீங்க இன்னான்னு சொன்னீங்க?"

கிண்டலே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் விடாமல் பேசினாள். "ரெண்டு பக்கம் வேண்டக் கூடாது, ஒருத்தரையே நம்பணும்னு நீங்கதான சொன்னீங்க? அதான் எங்க கொலதெய்வத்துக்குக்கூட நான் காசு முடிஞ்சி வெக்கல. வூட்ல திட்டுனாங்க. அக்கா வேண்டிக்கினு இருக்காங்க, போதும்னுட்டேன்."

அந்தப் பெண்ணுக்காக இத்தனை மாதமும் யாரும் எந்தச் சாமியிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தாயின் வாயை நான் அடைத்துவிட்டேன். என் வாயை நான் திறக்கவும் இல்லை. அவ்வளவு அசிங்கமாக என்னை நான் அதற்குமுன் உணர்ந்ததில்லை. மகளுடைய வீட்டுப் பெயர், பள்ளிக்கூடப் பெயர் இரண்டையும் அவளிடம் கேட்டுக்கொண்டேன்.

அன்று வேலை விட்டு வந்ததும் அறைக் கதவைச் சாத்தி முழங்கால் போட்டேன். "அன்பும் இரக்கமும் நிறைந்த பரலோகப் பிதாவே" என்று கூட்டத்தில் ஜெபிக்கிற தோரணையில் ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினேன். இந்தக் குரல் யார் காதில் விழுவதற்காக? அந்த இரண்டு பெயர்களை மட்டும் சொன்னேன். வருஷக்கணக்கில் போக்குவரத்தே இல்லாத அண்ணன் வீட்டு வாசலில், காரியம் ஆக வேண்டும் என்று போய் நிற்பது போலிருந்தது.

மறுநாள் பஸ்ஸில் வழக்கம்போல் இடம் பிடித்திருந்தாள். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். "நேத்து சாயங்காலந்தாம்மா மொத தடவயா வேண்டனேன். அதுக்கு முன்னாடி வாய்லதான் சொன்னேன். மன்னிச்சிக்கோ."

அவள் சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வில்லியனூர் வரைக்கும் என் பக்கம் திரும்பவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நான் எங்க கோயிலுக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடட்டுமாக்கா?"

பஸ்ஸில் ஆத்துமாவைச் சந்திக்கிற நான், "போயிட்டு வாம்மா" என்றேன்.

கம்பெனி வாசலில் இறங்கும்போது என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்களும் வுட்டுடாதீங்கக்கா. நெஜமா வேண்டுங்க."