காற்றுக்குக் காத்திருந்த மருந்து வண்டி

அண்ணன் தம்பி மூவரில் இரண்டாமவரைக் குடும்பத்தில் அனைவரும் ‘விடிவெள்ளி’ என்றே அழைத்தனர். மூவருக்கும் பொதுவான பரந்த கோதுமை நிலத்தில் களைக்கொல்லி தெளிக்கும் வண்டியை மீசை அரும்பிய நாள்முதல் ஓட்டியவர் அவர் ஒருவரே. இலை அசையாத விடியற்காலையே தெளிப்புக்கு உகந்தது என்று நம்பியவர். ஊர் கண்விழிக்குமுன் வேலையை முடித்துவிடுவார்.

அந்தப் பருவத்தில் புதிய விதி வந்தது. காற்று அசையாத வேளையில் தெளிக்கக் கூடாது. மெல்லிய காற்று வேண்டும், அதுவும் பக்கத்துப் பயிரை நோக்கி வீசக் கூடாது. அதிகாரியின் முன் முறைப்படி தெளித்துக் காட்டினால்தான் உரிமம். தவறினால் வண்டியை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டியதுதான்.

“காத்து அடிச்சா மருந்து பறக்கும்னு பச்சைப்புள்ளைக்குக்கூடத் தெரியும். சட்டம் போட்டவங்களுக்குத் தெரியலையே!” என்று வீடு முழுக்கப் புலம்பித் தீர்த்தார்.

“பரீட்சை அன்னைக்கு மட்டும் வாயையும் வண்டியையும் கொஞ்சம் நிறுத்தி வைங்க,” என்றார் மனைவி.

யார் கேட்டார்கள்? அதிகாரியான இளம்பெண் விடியலில் வந்து இறங்கியபோது, பழக்கதோஷத்தால் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. தெளிப்புக் குழாய்கள் இருபுறமும் சிறகுபோல் விரிந்திருந்தன. வரப்புக்கு அப்பால் சூரியகாந்தி பயிரிட்டிருந்த தங்கையின் கணவர் பதறி ஓடிவந்தார்.

“மச்சான், போன வருஷம் என் செடியெல்லாம் சுருண்டுபோச்சே, மறந்துட்டீங்களா?”

“அது பூச்சின்னு எத்தனை தடவை சொல்றது மாப்பிள்ளை!”

அதிகாரி ஈர வைக்கோலை ஒரு தகர டப்பாவில் வைத்துக் கொளுத்தினார். புகை மேலே போகவில்லை. ஆள் உயரம் எழும்பி, விரித்த துணிபோல் படுத்து, சற்றும் கலையாமல் நகர்ந்து வரப்பைத் தாண்டிச் சூரியகாந்திக்குள் நுழைந்தது.

விடிவெள்ளி வண்டியின் இயந்திரத்தை அணைத்தார்.

“மாப்பிள்ளை... அது பூச்சி இல்லைய்யா.”

“அப்பாடா! ஒரு வருஷமா அந்தப் பூச்சியைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்!”

விடிவெள்ளிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “தோத்துட்டேனாம்மா?” என்று கேட்டார்.

“நீங்க இன்னும் ஒரு சொட்டுகூடத் தெளிக்கலையே. எப்போ தெளிக்கலாம்னு நீங்களே சொல்லுங்க. அதுதான் பரீட்சை.”

காத்திருப்பது அவருக்குக் கைவராத கலை. எழுந்தார், உட்கார்ந்தார், டயரை உதைத்துப் பார்த்தார். மனைவி சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார். தங்கையும் தேநீருடன் வந்து சேர்ந்தாள். தெளிப்புக் காலத்தில் அவர் நான்கு பேரோடு அமர்ந்து காலை உணவு உண்டது அன்றுதான். வெயில் ஏறியதும் விடிவெள்ளியே மறுபடி வைக்கோலைக் கொளுத்தினார். புகை நெளிந்தது, சிதறியது, சூரியகாந்திக்கு முதுகைக் காட்டித் அவருடைய தரிசு நிலத்தின் பக்கம் சாய்ந்தது.

“இப்போ!” என்று துள்ளி எழுந்தார்.

“கையைக் கழுவுங்க முதல்ல!” என்று மனைவி கத்தினார்.

உரிமம் கிடைத்தது. மறுநாளும் தெளிப்பு இருந்தது. பொழுது நன்றாக ஏறியும் அவர் எழவில்லை. மனைவி உலுக்கியபோது, “காத்து வந்துருச்சா?” என்று போர்வைக்குள்ளிருந்தே கேட்டார்.