கணவருக்காகச் சுற்றிய பிராகாரம்

செம்பாக்கத்தில் செங்கல், மணல் வியாபாரம் செய்துவந்த சுப்பராயலு, 1993ஆம் ஆண்டுத் தை மாதத்தில் ஒரு முற்பகல், கடை வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். உடலெங்கும் சில்லென்ற வியர்வை. உயிர் பிழைத்தது பெருமாள் அருள். ஆனால் வீடு திரும்பியவர் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. சோறும் வெந்நீரும் கட்டிலுக்கே வந்தன. கொல்லைக்குப் போய்வந்தாலே மார்பு பறையாய் அதிரும். போன உயிர் மீண்டும் போகப்போகிறது என்று நடுங்கிப் படுத்துவிடுவார். படுக்கப் படுக்கத் தொடைகள் சூம்பின.

அவர் பிழைத்தெழுந்தால் நாள்தோறும் கோயில் பிராகாரத்தை வலம் வருவார் என்று மனைவி கிளியம்மாள் நேர்ந்துகொண்டிருந்தாள். அவர் எழாததால், தெய்வத்துக்குப் பட்ட கடன் நிற்கலாகாதென்று அவருக்காகத் தானே சுற்றினாள், திருநாமங்களை உரக்கச் சொல்லியபடி. ஆடி பிறந்தபோது அவளுடைய பழைய மேல்மூச்சு போன இடம் தெரியவில்லை. சுப்பராயலுவுக்கோ சட்டை மாட்டவே கை சலித்தது.

தாம்பரத்து மருத்துவர் அசரியா சோதித்துப் பார்த்துப் புருவம் சுருக்கினார். "இதயம் நல்லா தேறியிருக்கே. அப்புறம் ஏன் இப்படித் துவண்டு கிடக்கறீங்க?"

கிளியம்மாள் நேர்த்திக்கடனைச் சொன்னாள். மருத்துவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "நல்லா கீதும்மா! இவர் மருந்தை நீங்க சாப்ட்டா, இவருக்கு எப்படிக் குணமாகும்?"

"நடந்தா நெஞ்சு நின்னுடாதா சார்?" என்றார் சுப்பராயலு. இத்தனை மாதமாக அவர் விழுங்கிவைத்திருந்த கேள்வி அது.

"தசைக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு கண்ணுக்குத் தெரியாத அடுப்புங்க இருக்கு. சோத்தையும் காத்தையும் எரிச்சுப் பலம் குடுக்கிறது அதுங்கதான். படுத்தே கிடந்தா அதுங்க குறைஞ்சுடும். அப்புறம் நாலடி நடக்கவே இதயம் படாத பாடு படும். நடக்க நடக்கப் புதுசா மூளும். இதயத்துக்கும் சுமை குறையும். மெதுவா ஆரம்பிங்க. பெருமாள் பேரைச் சொல்லிக்கினே நடங்க. சொல்ல முடியாம இரைச்சா உட்காருங்க. மார் வலிச்சா உடனே இங்க வாங்க."

முதலில் கொடிமரம் வரைதான் முடிந்தது. பிறகு மடைப்பள்ளி மூலை. மார்கழியில் ஒருநாள் காலை, முழுச் சுற்றுக்குத் துணிந்தார். தாயார் சந்நிதியைக் கடக்கையில் நெஞ்சு அடித்துக்கொண்டது. வழக்கமான அச்சம் எழ, சொல்லிவந்த திருநாமம் எங்கே அறுபடுமோ என்று கவனித்தபடியே அடுத்த அடி வைத்தார். அறுபடவில்லை.

"இன்னாங்க, தேரா வருது? காலை எடுத்து வைங்க!" முன்னே போன கிளியம்மாள் திரும்பிச் சிரித்தாள்.

"என் கடனை நான் தீர்த்துக்கிறேன். நீ போய் ஒக்காரு."

"நா ஏன் ஒக்காரணும்? என் அடுப்பு அணையறதுக்கா?"

கொடிமரத்தடியில் சுற்று நிறைவுற்றது. நெற்றி நனைந்திருந்தது. திடுக்கிட்டுத் தொட்டுப் பார்த்தார். வியர்வைதான், ஆனால் அன்றுபோல் சில்லிடவில்லை, வெதுவெதுப்பாக இருந்தது. மார்பின் படபடப்பும் தானாகவே அடங்கியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மனைவி அடுத்த சுற்றுக்குப் புறப்படுவதைக் கண்டு, அவரும் பின்னாலேயே நடந்தார்.