துணைக்கு வந்தவருக்குச் சீட்டு இல்லை

“இது என்ன வருசம்?”

“நாப்பத்தேழு.”

“எம்பத்திமூணு. எங்கே, சொல்லுங்க.”

விளாங்குடி பஸ் ஸ்டாப்பில் நின்றபடி சூசையம்மாள் டீச்சர் தம் புருஷனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். மாதத்தில் இரண்டாம் செவ்வாய் என்றால் இதுதான் கதை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும் கேள்விகள் மூன்று வருடமாக மாறவில்லை. என்ன வருசம், என்ன கிழமை, எந்த ஊர், இருபதிலிருந்து பின்னால் எண்ணு. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த மரியராஜ் சாருக்கு இப்போது தம் பெயரே பாதி நாள்தான் தெரியும். “ஞாயித்துக்கெழமை” என்பார். “ஞாயிறுன்னா பூசைக்குல்ல போயிருப்போம்? செவ்வா!” என்று டீச்சர் அதட்டுவார். சார் கையை உதறிக்கொண்டு ரோட்டில் இறங்கிவிடாமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அடுத்த வீட்டுக்காரி நான் கூடப் போவேன்.

டீச்சருக்கு எழுபத்தொன்று. உடம்பு ஒரு பிடிதான். குரல் இன்னும் ஒரு வகுப்பையே அடக்கும். சாரைக் குளிப்பாட்டுவது, சட்டை மாட்டுவது, மீசை கத்தரிப்பது எல்லாம் அவர்தான். மீசை எப்போதும் ஒரு பக்கம் ஏறியிருக்கும். “ஏழு கழுதை வயசாச்சு, பித்தான் போடத் தெரியுதா பாரு” என்று திட்டிக்கொண்டே சோற்றைப் பிசைந்து ஊட்டுவார். சார் துப்புவார். வழித்துவிட்டு மறுபடி ஊட்டுவார். அவர் முடித்த பிறகுதான் இவர் தட்டில் சோறு விழும்.

போன ஆடியில்தான் எனக்குப் பொறி தட்டியது. காபி கொடுத்த கையோடு சாருக்கு மாத்திரையைக் கொடுத்தார் டீச்சர். தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து இன்னொன்றை எடுத்தார்.

“டீச்சரம்மா, இப்பத்தானே குடுத்தீங்க?”

“குடுக்கலை. எனக்கா தெரியாது? நீ என்ன காவலா?”

அந்த வாரத்தில் சார் ஒன்றரை நாள் கண் திறக்காமல் கிடந்தார். வயசான மனுஷன் தூங்குகிறார் என்று டீச்சர் சொல்லிவிட்டார். நான் விடவில்லை. டாக்டரிடம் நீங்களும் ஒரு தடவை காட்டிக்கொள்ளுங்கள் என்று தினமும் நச்சரித்தேன். ஒரு நாள் கரண்டியை ணங்கென்று வைத்தார்.

“எனக்கு மறதின்னு ஒரு வார்த்தை வெளிய போகட்டும், மகன் இவரைக் கொண்டுபோயி வயசானவங்க மடத்துல தள்ளிருவான். அங்க இவரு துப்புனா எவ வழிப்பா? நீ வழிப்பியா?”

கிறிஸ்துமஸுக்கு அந்த மகன் மெட்ராஸிலிருந்து வந்தான். அவனிடமும் சொன்னேன். சிரித்தான். “அம்மாவுக்கு என்ன பெரியம்மா? அவங்க கல்லு மாதிரி. அவங்க இருக்கிறதாலதான் நான் அங்க நிம்மதியா இருக்கேன்.” அவன் நிம்மதிக்கு என்ன, கேக்கைத் தின்றுவிட்டு மூன்றாம் நாள் ரயிலேறிவிட்டான். சாரைப் பார்க்கிற பழைய டாக்டரிடம் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை. “துணைக்கு வந்தவங்களுக்கெல்லாம் சீட்டு கிடையாதும்மா.”

இந்தச் செவ்வாய்க்கிழமை பழைய டாக்டர் லீவு. ஸ்யாமளா என்று ஒரு சின்னப் பொண்ணு உட்கார்ந்திருந்தது. சாரிடம் கேட்டு முடித்ததும், “இவங்களையும் கேளுங்கம்மா” என்று நான் போட்டு உடைத்துவிட்டேன்.

“ரெங்கம்மா! வாயை மூடு. சீட்டு அவரு பேருக்குத்தான் இருக்கு.”

“சீட்டு கிடக்கட்டும். நீங்க சொல்லுங்க பாட்டி, இது என்ன வருசம்?”

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார். இன்ஸ்பெக்டர் வந்த வகுப்பில் நிற்கிற பிள்ளை மாதிரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வருசம் சொன்னார், கிழமை சொன்னார், ஊர் சொன்னார். இருபதிலிருந்து ஒன்று வரை ரயில் மாதிரி இறங்கி வந்தார். முடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். இத்தனை நாள் சாருக்கு நடத்திய பாடம் யாருக்கு ஏறியிருக்கிறது என்று அந்தப் பொண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது?

டாக்டரம்மா சிரித்து, பேனாவை மூடினாள். பிறகு சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

“ஐயாவுக்குக் காலையில மாத்திரை குடுத்துட்டீங்களா?”

டீச்சர் என் பக்கம் திரும்பினார். மூன்று வருடத்தில் அவர் என்னை எதுவும் கேட்டதில்லை. அப்போது கண்ணால் கேட்டார். காலையில் இரண்டு தடவை கொடுத்ததை நான் பார்த்திருந்தேன். டாக்டரம்மாவே கண்டுபிடிக்கட்டும் என்று பிடிவாதமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டீச்சர் குனிந்து சாரின் தாடையைப் பிடித்தார்.

“ஆ காட்டுங்க.”

சாரும் காட்டினார். டீச்சர் மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, அவர் நாக்கை விரலால் தூக்கி உள்ளே தேடினார்.