வானொலியில் செத்துப்போன றீற்றா அக்கா

பொய். முழுப் பொய். றீற்றா அக்காவுக்கு மூன்று கலியாணம் என்று உடுப்புத் தோய்க்கிற லொன்றி அறையில் நின்று சொன்ன யோகமலருக்கு நான் அந்த இடத்திலேயே பதில் சொன்னேன்.

"மூண்டு கலியாணம் இல்லையடி, மூண்டு படம். கலியாணம் ஒண்டுதான். எண்ணத் தெரியாட்டி வாயை மூடு."

அவள் உடுப்பு மடிப்பதை நிறுத்தவில்லை. "படத்துக்காரியெண்டா ரெண்டும் ஒண்டுதானே அன்ரி?" என்றாள். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நான் என் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஈரத்துணியோடுதான் வந்தேன். காயப்போடும் மெசினுக்குப் போட்ட காசும் போனது. போகட்டும்.

எனக்கு எழுத்துத் தெரியாது. சொல்லத் தெரியும். ஆகையால் சொல்கிறேன், குறைக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். கனடாவில், ஸ்காபரோவில் இந்தப் பில்டிங்கின் ஒன்பதாம் மாடியில், என் கதவுக்கு நேர் எதிர்க் கதவில் பத்தொன்பது வருடமாக இருக்கிறவர் றீற்றா அக்கா. வயது எண்பத்தொன்று. அவரைப் பற்றி என்னைக் கேட்காமல் இங்கே ஒருவரும் கதைக்கக் கூடாது.

குப்பை போடப் போகும்போதும் பவுடர் பூசுகிறார் என்கிறார்கள். அது உண்மைதான். "வெளிச்சம் இருக்கிற இடத்துக்குப் போறனெல்லோ? வெளிச்சத்துக்கு ஒரு மரியாதை குடுக்க வேணும்" என்பார். லிஃப்டுக்குள் ஏறினால் விளக்கு எங்கே இருக்கிறதென்று பார்த்து அதற்குக் கீழேதான் நிற்பார். பிறந்தநாள் வீட்டில் படம் எடுக்கிற பிள்ளைகளைப் பிடித்து, "தம்பி, இடப்பக்கத்தால எடு, வலப்பக்கம் என்ர மாமி மாதிரி இருக்கும்" என்று திருத்துவார். இதெல்லாம் யாழ்ப்பாணத்தில் ஒரு தியேட்டரில் படித்தது. தகப்பனார் அங்கே வாசலில் ரிக்கற் கிழிக்கிறவர். அந்தக் காலத்துப் பழைய ஹொலிவூட் பாட்டுப் படம் வந்தால், மகள் கடைசி வாங்கில் இருந்து ஒரே படத்தை ஆறு தரம் பார்ப்பாவாம். "இங்கிலீசு ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனா அவளவை பாட முன்னம் எங்க மூச்சு எடுக்கிறாளவை எண்டு கண்டுபிடிச்சிட்டன்."

இவ்வளவு தெரிந்த மனுசி மாதா கோயிலில் பாடமாட்டார். ஞாயிறு பூசைக்கு நானும் கூடப் போவேன். நான் சைவம், ஆனால் தனியே வீட்டில் இருந்து என்ன செய்வது. எல்லோரும் எழும்பிப் பாடும்போது இவரும் எழும்புவார். வாய் அசையும், சத்தம் வராது. பக்கத்தில் நின்று நான் காது குடுத்துப் பார்த்திருக்கிறேன், மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஆனால் காலையில் மிளகும் கற்கண்டும் போட்ட சுடுதண்ணி குடிக்காமல் ஒரு நாளும் விட்டதில்லை. மே மாதத்திலும் கழுத்தில் சால்வை. பாடாத தொண்டைக்கு இவ்வளவு காவல் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆள் இல்லாத வீடெண்டாலும் கூட்டித்தானே வைக்க வேணும்?" என்றார்.

போன மார்கழி வரைக்கும் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மார்கழியில் ஒரு புதன்கிழமை, அக்கா என் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ரேடியோவில், செத்துப்போன கலைஞர்களை நினைக்கிற மத்தியான நிகழ்ச்சி. வாகீசன் என்கிற பிள்ளைதான் நடத்துகிறவன், உருக்கமாகக் கதைப்பான். இலங்கையில் எடுத்த பழைய தமிழ்ப் படம் ஒன்றிலிருந்து ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, "இதைப் பாடி நடித்த இந்திரமாலா இன்று எம்மத்தியில் இல்லை. அன்னாரின் ஆத்மா சாந்தியடைய ஒரு நிமிடம் மௌனம்" என்றான்.

நானும் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு மௌனமாக இருந்தேன். அக்கா பிஸ்கற்றைக் கடித்து முடித்தார். பிறகு என் போனை எடுத்து ரேடியோவுக்கு அடித்தார்.

"வணக்கம், ஆர் கதைக்கிறியள்? ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சுவிடுங்கோ அம்மா."

"இந்திரமாலா கதைக்கிறன்."

"எந்த இந்திரமாலா?"

"நீங்கள் இப்ப சாகடிச்ச இந்திரமாலாதான், தம்பி."

"அம்மா, பகிடி விடாதேங்கோ. நேயர்கள் கவலையில இருக்கினம்."

"அப்ப பாட்டைத் திரும்பப் போடுங்கோ. ரெண்டாம் சரணம் முடியிற இடத்தில ஒரு காகம் கத்தும். கத்தாட்டி நான் செத்திட்டன் எண்டே வையுங்கோ."

போட்டான். கத்தியது. நான் நாற்காலியை விட்டு எழும்பிவிட்டேன். வாகீசனுக்கு நாக்குக் குழறியது. "அம்மா, நீங்கள்… ரெண்டு வரி பாடுங்கோவன், இவ்வளவு சனமும் கேட்டுக்கொண்டிருக்குது" என்று கெஞ்சினான். "பாட மாட்டன். செத்ததை மட்டும் திருத்திவிடுங்கோ" என்று போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் முழுக்கதையும் சொன்னார். இந்திரமாலா என்பது படத்துக்கு வைத்த பெயராம். கொழும்பில் ஸ்ரூடியோவுக்குக் காசில்லாமல் ஒரு தென்னந்தோப்புக்குள் மைக்கை நட்டுப் பாட்டெடுத்தார்களாம். காகம் கலைப்பதற்கென்றே அலெக்ஸாண்டர் என்று ஒரு பொடியனை வைத்திருந்தார்களாம். "எல்லாக் காகத்தையும் கலைச்சவர். ஒண்டை விட்டிட்டார். என்னைப் பார்த்துக்கொண்டு நிண்டிட்டார்." அந்த அலெக்ஸாண்டரைத்தான் கட்டினார். யோகமலர் சொன்ன மூன்றும் அந்த ஒரு மனுசன்தான்.

பாட்டை ஏன் விட்டார்? மகன் யோசப்புக்குப் பத்து வயதாக இருக்கும்போது, நடிகையின் மகன் என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தில் பெடியன்கள் அடித்திருக்கிறார்கள். சேட்டுக் கிழிந்து, பல்லில் இரத்தத்தோடு வந்து, "இனிப் பாடாதேங்கோ அம்மா" என்று அழுதிருக்கிறான். அன்றோடு சரி. அடுப்படியில்கூட முணுமுணுத்ததில்லை. இங்கே வந்தும் பாண் சுடுகிற ஃபக்டரியில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவர், சந்திக்கிறவர்களிடம் ஊரில் தையல் ரீச்சராக இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்.

ரேடியோவால் எல்லாம் வெளியே வந்தது. ஒரு கிழமைக்குள் பில்டிங் முழுக்க அதே கதை. அடுத்த கிழமை தனுஷிகா என்றொரு பிள்ளை பக்கத்து நகரமான மார்க்கத்திலிருந்து தேடிக்கொண்டு வந்தாள். இங்கே பிறந்த பிள்ளை, படம் எடுக்கப் படித்தவள். சப்பாத்தைக் கழற்றும்போதே கதை தொடங்கிவிட்டது.

"அம்மம்மா, பிளீஸ் நோ சொல்லாதீங்கோ. படத்தில ஒரு வயசான ஆள் பஸ் ஸ்ரொப்பில நிண்டு பாடோணும். டப்பிங் இல்லை. ஸ்னோவுக்குள்ள, லைவ்வா. ஐ ஹேர்ட் யூ ஒன் த ரேடியோ, கதைக்கிற வொய்ஸே அப்பிடி இருக்குது."

"அங்கயே நிண்டு பாடுறதெண்டா எனக்குப் பழக்கம்தான்" என்றார் அக்கா. "காகம் கலைக்க ஆள் வைச்சிருக்கிறியோ?"

அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அக்கா பகிடியோடு நிறுத்தவில்லை, ஓம் என்றும் சொல்லிவிட்டார்.

யோசப் கெட்டவன் இல்லை. இதையும் எழுதுங்கள். பனி கொட்டினால் தன் காரோடு சேர்த்து நாலு கிழடுகளின் காரையும் வழித்துவிடுகிறவன். தாயைத் தன்னோடு வைத்துப் பார்க்கிறவன், கோயில் பங்குச் சபையில் இருக்கிறான், மரியாதையான பிள்ளை. ஆனால் அன்று பின்னேரம் பிக்கரிங்கில் வேலை முடிந்து வந்தவன் கதவைத் திறந்த விதத்திலேயே தெரிந்தது, யாரோ கீழே மறித்துச் சொல்லிவிட்டார்கள் என்று. நான் மீன்குழம்புச் சட்டியோடு உள்ளே நின்றேன். போகவில்லை. ஏன் போகவேண்டும்?

"அம்மா, இந்த வயசில உங்களுக்கு இது தேவையோ?"

"தேவை இல்லை. ஆசை."

"சனம் என்ன கதைக்குதெண்டு தெரியுமோ?"

"மூண்டு கலியாணமாம். உன்ர கொப்பர் இருந்து கேட்டிருந்தா சந்தோசப்பட்டிருப்பார்."

"பகிடி விடாதேங்கோ! அண்டைக்கு என்னை என்ன சொல்லி அடிச்சவங்கள் எண்டு உங்களுக்குத் தெரியாது."

"தெரியும். அந்தச் சேட்டைத் தைச்சது நான்தான்." அக்கா சத்தம் போடவில்லை. "பத்து வயசில அழுதாய். விட்டன். இப்ப உனக்கு அம்பத்தஞ்சு வயசு, ராசா. நீ அழமாட்டாய் எண்டு நினைச்சு நான் போறன்."

யோசப் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். ஒரு மாதமாகத் தாயும் மகனும் சாப்பாடு, மருந்து, கரண்ட் பில் தவிர ஒன்றும் கதைக்கவில்லை. அக்கா இளைத்துவிட்டார். போகாமல் விடுவோமா என்று என்னை இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் நான் ஏசினேன்.

தை மாதம், சனிக்கிழமை, காலை பத்து மணி. கீழே தனுஷிகா காரோடு நிற்கிறாள். நான் என் கதவைத் திறந்துவைத்து நிற்கிறேன். அக்கா கடுகு நிறச் சேலை கட்டி, அதற்குமேல் கனத்த கோட்டுப் போட்டிருந்தார். யோசப் சோபாவில் இருந்து ரீவி பார்த்தான், சத்தத்தைக் கூட்டிவைத்து.

"போட்டு வாறன், தம்பி."

பதில் இல்லை. எங்கள் சனத்தில் வெளிக்கிடுகிறவர் அப்படிச் சொன்னால் வீட்டில் இருக்கிறவர் "போட்டு வாங்கோ" என்று சொல்லவேண்டும். அதைக் கேட்காமல் படி இறங்கமாட்டோம். அக்கா கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டினார். பிறகு வெளியே வந்தார்.

நாலைந்து அடி நடந்தவர் நடைபாதை நடுவில் நின்றார். தொண்டையில் கை வைத்தார். பாடினார். கனகாலம் திறக்காத பைப்பில் முதலில் காற்று வருமே, அப்படித்தான் வந்தது. இருமினார். திரும்ப அதே வரியைத் தொடங்கினார். இந்தத் தரம் தண்ணி வந்தது. அந்த நீளமான நடைபாதை முழுக்கக் குரல் ஓடியது. மூன்று கதவு திறந்தது, யோகமலருடையதும்தான். அக்கா ஒருவரையும் பார்க்கவில்லை. லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு, பாடிக்கொண்டே நின்றார்.

நான் யோசப்பின் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் பில்டிங் கதவுகள் பாரமானவை, விட்டால் தானாகவே அடித்துச் சாத்திக்கொள்ளும். அந்தக் கதவு சாத்திக்கொள்ளவில்லை. உள்ளே ரீவிச் சத்தம் நின்றிருந்தது. ஆளைக் காணவில்லை. நிலத்தோடு, கதவுக்கும் நிலைக்கும் நடுவில், சாம்பல் நிறக் காலுறை போட்ட ஒரு பாதம் மட்டும் இருந்தது. லிஃப்ட் வந்து, அக்கா ஏறி, பாட்டுக் கீழே கீழே போய்க் கேட்காமல் போகும்வரை அவன் அந்தக் காலை எடுக்கவில்லை.