விரல் ஒன்றுதான் என்றாள்

என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ல, ழ, ள மூன்றும் எனக்கு இன்றும் குழப்பம். திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் வாசிக்கட்டும் என்று எழுதுகிறேன். நேரில் என்றால் இவ்வளவு பேசமாட்டேன்.

எத்தாளையில் வெங்காயத் தோட்டம் செய்கிறேன். ஒருநாள் நண்பகல் ளுஹர் தொழுதுவிட்டுத் தோட்டத்திலிருந்து தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் காலைப் பார்த்துச் சிரித்தார்.

"மத்தச் செருப்புக்கு லீவா?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. கொதிக்கும் தார் றோட்டில் அவ்வளவு தூரம் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். பெருவிரலின் அடியில் சிப்பி ஓடு ஒன்று குத்தி நின்றது. அதுவும் தெரியவில்லை.

நரம்பு மரத்துப்போதல் என்று பிறகு சொன்னார்கள் (சீனி கூடி, காலின் நரம்பு நோவையும் சூட்டையும் அறியாமல் போவது). முதலில் என்னை ஏமாற்றியது என் கால்தான்.

நோகவில்லை என்பதால் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன். மூன்றாம் கிழமை (வாரம்) விரல் கறுத்தது. வீட்டில் மணம் எழுந்தது. மீன் கெட்டுவிட்டதென்று நினைத்து நானே சட்டிகளைத் திறந்து பார்த்தேன்.

மனைவி பரீதா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். நான் சொன்னேன்: "காலை வெட்டுறதெண்டா என்னக் கொண்டுபோகாத. மவுத்தானாலும் முழுசாப் போறன்." (மவுத் என்றால் சாவு.) அவள் என் சாரத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

பரீதா சிலாபத்துப் பக்கம் பிறந்தவள். சிங்களம் தண்ணீர்போல் பேசுவாள். எனக்குத் தெரிந்தது வெங்காயச் சிங்களம்: விலை, நிறை, நாளைக்கு வா. இருபத்துநான்கு வருடமாகக் கச்சேரியிலும் (அரசாங்க அலுவலகம்) வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் அவள்தான் என் வாய். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

அன்றைக்கும் அப்படித்தான். டொக்டர் நெடுநேரம் பேசினார். அவளும் நெடுநேரம் ஏதோ கேட்டாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இவ்வளவு நேரம் கதைச்சாரே, என்னவாம்?"

"விரல் ஒண்டுதான். கறுத்த விரல எடுத்திட்டாச் சரியாம்."

சிங்களத்தில் இருந்த பத்திரத்தில் தமிழில் என் பெயரை எழுதினேன். டொக்டர் என் தோளைத் தொட்டார். ஒரு விரலுக்கு ஏன் இவ்வளவு இரக்கம் என்று நினைத்தேன்.

முதுகில் ஊசி போட்டார்கள் (இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்யும் மருந்து). இடையில் தூக்கத்துக்கும் ஏதோ தந்தார்கள். கண்விழித்தபோது கால்களின்மேல் போர்வை கூடாரம்போல் நின்றது. பெருவிரல் அரித்தது. "எடுத்த விரல் அரிக்குது" என்று பரீதாவிடம் சொன்னேன். அவள் தண்ணீர்ப் போத்தலைக் கழுவ எழுந்து போய்விட்டாள்.

அடுத்த நாள் என் நானா (அண்ணன்) பாணும் வாழைப்பழமுமாக வந்தார். கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தார்.

"கவலப்படாத தம்பி. வாப்பாட கப்ருக்குப் பக்கத்துலதான் அடக்கின."

"என்னத்த?"

நானா பரீதாவைப் பார்த்தார். "நீ இன்னம் சொல்லல்லயா?"

போர்வையை நானே விலக்கினேன். முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை மட்டும், அதன்மேல் வெள்ளைத் துணிக்கட்டு. அதற்கு அப்பால் மெத்தை.

எங்களில், வெட்டி எடுத்த உறுப்பையும் வெள்ளைத் துணியில் சுற்றி, கப்ரு (புதைகுழி) வெட்டி அடக்கிவிடுவது வழக்கம். நானா அதை மீன் போடும் றெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோயிருக்கிறார். மையவாடியில் (இடுகாடு) குழி வெட்டியவருக்குத் தெரியும். ஆட்டோக்காரருக்குத் தெரியும். பள்ளிவாசலுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஊரில் அதை அறியாதவன் நான் ஒருவன்தான்.

நானா போனபிறகு பரீதாவிடம் கேட்டேன். "டொக்டர் சொன்னத இப்பயாவது சொல்லு. அப்படியே சொல்லு."

"இண்டைக்கு வெட்டாட்டி நாளைக்கு ஆள் இல்லயெண்டாரு."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தாக் கையெழுத்து வெச்சிருப்பீங்களா?"

"மாட்டன்."

"அப்ப?"

உயிரோடு இருந்துகொண்டு, என்னை ஏன் உயிரோடு விட்டாய் என்று எப்படிக் கோபிப்பது? ஆனாலும் கோபம் போகவில்லை. என் காலை வெட்டச் சம்மதித்தது என் கை. அந்தக் கையைப் பிடித்து ஏமாற்றியவள் நான் நம்பிய ஒரே ஆள்.

காயம் இரண்டு மாதத்தில் ஆறியது. அதற்குள் வேறொன்று தொடங்கிவிட்டது. இருபத்துநான்கு வருடத்தில் அவள் எனக்குச் சொல்லித் தந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கத் தொடங்கினேன். எங்கள் முதல் பிள்ளை நான்கு நாளில் மவுத்தானபோது, "புள்ளக்கு ஒரு நோவும் தெரியல்லயாம், டொக்டர் சொன்னாரு" என்றாள். அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுந்து தோட்டத்துக்குப் போனேன். அந்த டொக்டர் அப்படிச் சொன்னாரா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஊன்றுகோலோடு நடக்கப் பழகியதும் நானா மையவாடிக்குக் கூட்டிப்போனார். ஒரு முழ நீளத்தில் மணல் மேடு. "மிச்சத்துக்கும் எடம் விட்டுத்தான் அடக்கின" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். நாற்பத்தொன்பது வயதில் ஒரு கால் எனக்கு முன்னே போய்ப் படுத்திருக்கிறது. விரல்கள் இன்னும் அரிக்கின்றன (இல்லாத உறுப்பை மூளை இருப்பதாக உணர்வது). முன்பு மவுத் எனக்கு வரவேண்டிய ஒன்றாக இருந்தது. இப்போது கொஞ்சம் முடிந்துபோன காரியமாகவும் இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். வெறுங்காலோடு நடக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். பத்திரம் வேறு மொழியில் இருந்தால், உங்கள்மேல் அன்பில்லாத ஒருவரைக் கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

இப்போது கிளினிக்கில் தமிழ் தெரிந்த தாதி ஒருவர் எனக்குச் சொல்லித் தருகிறார். பரீதா வெளியே வாங்கில் (பெஞ்சில்) இருப்பாள். உள்ளே வரச்சொல்லி நான் கூப்பிடுவதில்லை. அவளும் கேட்பதில்லை.

போன கிழமை டொக்டர் என் வலது பாதத்தை நெடுநேரம் அமுக்கிப் பார்த்தார். தாதி ஒரு சொல்லையும் விடாமல் சொன்னார். வலது காலுக்கும் இரத்த ஓட்டம் குறைகிறதாம். அடுத்த மாதம் படம் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்களாம்.

வெளியே வந்தேன். பரீதா எழுந்து ஊன்றுகோலைச் சரிசெய்து தந்தாள்.

"என்னவாம்?"

"நல்லா இருக்காம்" என்றேன். "பயப்பட ஒண்டும் இல்லயாம்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

எழுதியது: ரஜப் பிறை பதினேழு, வியாழக்கிழமை.